ஜாவாவில் மதிப்பு தப்பாக அச்சாகிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது எப்படி

மதிப்புகளை வடிவமைத்து அச்சிடும் பிரிண்ட்எஃப் வரியில் ஏதோ தப்பாக வருகிறது என்றால் எல்லோரும் முதலில் அந்த வரியைத்தான் நோண்டுகிறார்கள். %டி-யை %எஃப் ஆக்குவது, எண்ணை மாற்றிப் பார்ப்பது, மேற்கோள் குறியைத் தள்ளி வைப்பது என்று அரை மணி நேரம் போய்விடும். ஆனால் பல நேரம் கோளாறு அங்கே இருக்காது. ஆப்ஜெக்டுக்குள் சரியான மதிப்பு போய்ச் சேர்ந்ததா என்பது ஒரு கேள்வி, சேர்ந்த மதிப்பை ஒழுங்காக அச்சிடுகிறோமா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு வார்த்தை முதலில்: இங்கே எல்லாக் குறிகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். %டி முழு எண்ணுக்கு, %எஃப் தசமத்துக்கு, %எஸ் ஸ்ட்ரிங்குக்கு, %என் அடுத்த வரிக்குப் போக. நிரலில் இவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். உதாரணம் முழுக்க ஒரு மளிகைக் கடை பில். 'பொருள்' என்று ஒரு கிளாஸ், அதில் பெயர், எண்ணிக்கை, விலை என்று மூன்று ஃபீல்டுகள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இந்த வரியைப் போட்டுப் பாருங்கள் (பொ என்பது அந்தக் கிளாஸின் ஓர் ஆப்ஜெக்ட்):

சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்எஃப்("[%எஸ்]%என்", பொ.விலை);

%எஸ் எந்த வகை மதிப்பையும் ஏற்றுக்கொள்ளும், அதனால் வகை பொருந்தவில்லை என்று இந்த வரி விழாது. அதோடு தசமத்தைச் சுருக்காமல் உள்ளதை உள்ளபடி காட்டும். சதுர அடைப்பு எதற்கு என்றால், பெயரின் முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்றிடம் அப்போதுதான் கண்ணில் படும். இங்கேயே மதிப்பு தப்பாக இருந்தால் ஃபார்மட்டை, அதாவது % குறிகள் உள்ள ஸ்ட்ரிங்கைத் தொடாதீர்கள், கன்ஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்டை உருவாக்கும்போது ஓடி மதிப்புகளை நிரப்பும் பகுதியை) போய்ப் பாருங்கள். இங்கே சரியாக இருந்து உங்கள் வரியில் மட்டும் தப்பாக வந்தால்தான் ஃபார்மட் மேல் சந்தேகப்பட வேண்டும்.

அறிகுறி: கம்பைலே ஆகவில்லை

இது சுலபமானது. பிரிண்ட்எல்என்-க்குள் ஃபார்மட்டையும் மதிப்பையும் கமா போட்டுக் கொடுத்திருப்பீர்கள். பிரிண்ட்எல்என் ஒரே ஒரு மதிப்பைத்தான் வாங்கும், "நோ சூட்டபிள் மெத்தட் ஃபவுண்ட்" என்று எர்ரர் வரும். பிரிண்ட்எஃப் என்று மாற்றுங்கள், கூடவே கடைசியில் %என் சேருங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு வரும். "ஹேஸ் பிரைவேட் ஆக்ஸஸ்" என்று வந்தால் வெளியிலிருந்து பிரைவேட் ஃபீல்டைத் தொடுகிறீர்கள் என்று அர்த்தம். அதற்காக ஃபீல்டைப் பப்ளிக் ஆக்கிவிடாதீர்கள், மதிப்பைத் திருப்பித் தரும் ஒரு கெட்டர் மெத்தட் எழுதி அதைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: கம்பைல் ஆகிறது, ஓடும்போது எக்ஸெப்ஷன் அடித்து நிற்கிறது

பிரிண்ட்எஃப் ஜாவாவுக்கு வந்தது 2004-இல், ஜாவா 5 பதிப்போடு. எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்கிற வார்ஆர்க்ஸ் வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது, அதன் மேல்தான் பிரிண்ட்எஃப் நிற்கிறது. நீங்கள் கொடுக்கும் மதிப்புகள் எல்லாம் ஆப்ஜெக்ட் அரேயாக உள்ளே போகின்றன. கம்பைலருக்கு உங்கள் ஃபார்மட் வெறும் ஸ்ட்ரிங், அதற்குள் %டி இருக்கிறதா %எஃப் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் பொருந்தாத வகை ஓடும்போதுதான் தெரியவருகிறது.

எக்ஸெப்ஷனின் பெயரையும் அதற்குப் பின்னால் வரும் செய்தியையும் நிதானமாகப் படியுங்கள், பிழை எங்கே என்பதை அதுவே சொல்லிவிடும். "இல்லீகல் ஃபார்மட் கன்வர்ஷன் எக்ஸெப்ஷன்: டி != ஜாவா.லாங்.டபுள்" என்றால், %டி இருக்கும் இடத்தில் டபுள் மதிப்பு வந்திருக்கிறது. "எஃப் != ஜாவா.லாங்.இன்டிஜர்" என்றால் அதன் மறுபக்கம். இன்ட் மதிப்பை டபுள் மாறியில் வைத்தால் தானாக மாறிக்கொள்ளுமே, இங்கே ஏன் மாறவில்லை என்று கேட்கலாம். அரேக்குள் போகும்போது இன்ட் மதிப்பு இன்டிஜர் ஆப்ஜெக்டாகச் சுற்றப்பட்டுவிடுகிறது, அதன் பிறகு அது டபுளாக மாறுவதற்கு வழியில்லை. எண்ணிக்கையை %எஃப்-இல் போட வேண்டும் என்றால் நீங்களே (டபுள்) என்று காஸ்ட் செய்ய வேண்டும். சி மொழியில் இதே தப்பைச் செய்தால் பல நேரம் புரோகிராம் நிற்காமல் குப்பை எண்ணை அச்சிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். நிற்பதே எவ்வளவோ மேல்.

"மிஸ்ஸிங் ஃபார்மட் ஆர்கியுமென்ட்" என்றால் குறிகள் அதிகம், மதிப்புகள் குறைவு. இதற்கு நேர்மாறான பிழைதான் ஆபத்தானது: மதிப்புகள் கூடுதலாக இருந்தால் ஜாவா ஒரு வார்த்தைகூடச் சொல்லாது, மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். பில்லில் ஒரு கட்டம் காணாமல் போனால் குறிகளை விரல் விட்டு எண்ணுங்கள்.

"அன்நோன் ஃபார்மட் கன்வர்ஷன்" வந்தால் மூன்று சாத்தியங்கள். சி பழக்கத்தில் %ஐ அல்லது %எல்எஃப் எழுதியிருப்பீர்கள், இரண்டும் ஜாவாவில் கிடையாது, டபுளுக்கும் வெறும் %எஃப்-தான். அல்லது "ஜிஎஸ்டி 5%" என்று சதவீதக் குறியைத் தனியாக விட்டிருப்பீர்கள், அதை %% என்று இரட்டையாக எழுத வேண்டும். மூன்றாவது கொஞ்சம் மறைந்திருக்கும்: பயனர் தட்டிய பெயரையே ஃபார்மட்டாகக் கொடுத்திருப்பீர்கள். பிரிண்ட்எஃப்(பெயர்) என்ற வரி நூறு பொருளுக்கு ஒழுங்காக ஓடும், "100% கோதுமை மாவு" வந்த அன்று விழும். வெளியிலிருந்து வரும் எந்த ஸ்ட்ரிங்கையும் ஃபார்மட் இடத்தில் வைக்காதீர்கள். பிரிண்ட்எஃப்("%எஸ்", பெயர்) என்றுதான் எழுத வேண்டும், இதில் விதிவிலக்கே வேண்டாம்.

இன்னொன்று, இன்ட் அரேயை அப்படியே கொடுத்து "%டி %டி %டி" என்று எதிர்பார்ப்பது. இன்ட் அரே முழுவதும் ஒரே ஆப்ஜெக்டாகத்தான் போகும், முதல் %டி-யிலேயே நின்றுவிடும். இன்டிஜர் அரேயாக இருந்தால் மட்டும் பிரிந்து போகும்.

அறிகுறி: நல், 0, 0.00 என்று வருகிறது

மதிப்பெல்லாம் கொடுத்துத்தானே ஆப்ஜெக்ட் உருவாக்கினோம், எங்கே போயிற்று? ஃபார்மட்டைக் குறை சொல்ல அதிகம் இடமில்லை, கோளாறு பெரும்பாலும் கிளாஸுக்குள் இருக்கிறது.

முதல் சந்தேகம் கன்ஸ்ட்ரக்டர் மேல். அளவுருவுக்கும் ஃபீல்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு உள்ளே "பெயர் = பெயர்;" என்று எழுதினால் அளவுரு தன்னையே தனக்குள் வைத்துக்கொள்ளும், ஃபீல்டை யாரும் தொடவே இல்லை. "திஸ்.பெயர் = பெயர்;" என்று இருக்க வேண்டும். ஃபீல்டைத் தொடாவிட்டால் ஸ்ட்ரிங்குக்கு நல், இன்டுக்கு 0, டபுளுக்கு 0.0 என்று ஜாவாவே வைத்திருக்கும் ஆரம்ப மதிப்புதான் வெளியே வரும். பெயர் மட்டும் நல், விலை சரியாக இருக்கிறது என்றால், அந்த ஒரு வரியில் மட்டும் திஸ் விட்டுப்போயிருக்கிறது.

இரண்டாவது, கன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் வாய்ட் போட்டுவிடுவது. போட்டவுடன் அது கன்ஸ்ட்ரக்டர் இல்லை, கிளாஸின் பெயரையே கொண்ட சாதாரண மெத்தட். கம்பைலர் இதை எர்ரராகச் சொல்லாது. அளவுரு எதுவும் கொடுக்காமல் ஆப்ஜெக்ட் உருவாக்கி, பிறகு மதிப்பை வைக்கும் செட்டர் மெத்தட் வைத்து நிரப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது வெகுநாள் கண்ணில் படாது.

மூன்றாவது, தாய் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளிருந்து அச்சிடுவது. 'பொருள்' கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் விவரம்காட்டு() என்ற மெத்தடைக் கூப்பிடுகிறது என்று வையுங்கள். 'தள்ளுபடிப்பொருள்' என்ற சேய் கிளாஸ் அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்து (தனக்கேற்ப மாற்றி எழுதி) தள்ளுபடி சதவீதத்தையும் சேர்த்து அச்சிடுகிறது. சேய் ஆப்ஜெக்டை உருவாக்கினால் தாயின் கன்ஸ்ட்ரக்டர்தான் முதலில் ஓடும், ஆனால் கூப்பிடப்படுவது சேயின் மெத்தட். அந்த நேரத்தில் சேயின் ஃபீல்டுகள் இன்னும் நிரப்பப்படவில்லை, தள்ளுபடி 0 என்றுதான் வரும். கொஞ்ச நேரம் கழித்து அதே ஆப்ஜெக்டை அச்சிட்டால் சரியாக வரும். முதல் தடவை தப்பு, இரண்டாம் தடவை சரி என்பது இந்தக் கோளாறின் கையெழுத்து. கன்ஸ்ட்ரக்டருக்குள் அச்சிடும் வேலையையே வைக்காதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், ட்ரூ அல்லது ஃபால்ஸ் என்று அச்சிடும் %பி பற்றி. பூலியன் அல்லாத எதைக் கொடுத்தாலும், நல் இல்லாதவரை, அது ட்ரூ என்றுதான் அச்சிடும். எண்ணிக்கை 0 ஆக இருந்தாலும் ட்ரூதான். கையிருப்பு இருக்கிறதா என்பதை %பி வைத்துக் காட்ட நினைத்தால் எண்ணிக்கை > 0 என்ற ஒப்பீட்டைக் கொடுங்கள்.

அறிகுறி: பத்துப் பொருளுக்கும் ஒரே மதிப்பு வருகிறது

எல்லா வரியிலும் கடைசியாகச் சேர்த்த பொருளே வந்தால் இரண்டே காரணம். ஃபீல்டுக்கு முன்னால் ஸ்டாட்டிக் இருக்கிறது, அப்போது அது கிளாஸ் முழுவதற்கும் பொதுவான ஒரே மாறி. அல்லது லூப்புக்கு வெளியே ஒரே ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, உள்ளே அதன் மதிப்பை மட்டும் மாற்றி மாற்றி லிஸ்டில் சேர்த்திருக்கிறீர்கள். லிஸ்டில் பத்து இடம், ஆனால் பத்தும் சுட்டுவது ஒரே ஆப்ஜெக்டைத்தான். 'நியூ' என்ற சொல் லூப்புக்குள் இருக்க வேண்டும்.

அறிகுறி: பொருள்@1பி6டி3586 மாதிரி ஏதோ வருகிறது

மெமரி முகவரி என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அப்படி நம்ப வேண்டியதில்லை. கிளாஸின் பெயர், ஒரு @ குறி, ஹேஷ்கோடின் (ஆப்ஜெக்டுக்கு ஜாவா தரும் ஓர் எண்ணின்) பதினாறடிமான வடிவம், அவ்வளவுதான். ஆப்ஜெக்டை ஸ்ட்ரிங்காக மாற்றித் தரும் டுஸ்ட்ரிங் மெத்தடை நீங்கள் எழுதாததால், எல்லாக் கிளாஸுக்கும் மூலமான 'ஆப்ஜெக்ட்' கிளாஸில் இருக்கும் பழைய டுஸ்ட்ரிங் ஓடியிருக்கிறது. நீங்கள் ஒன்று எழுதினால் போதும், %எஸ், பிரிண்ட்எல்என், + போட்டு ஒட்டுவது, லிஸ்டை மொத்தமாக அச்சிடுவது எல்லாம் அதையே கூப்பிடும்.

எழுதிய பிறகும் அதேதான் வருகிறது என்றால் எழுத்தைப் பாருங்கள். நடுவில் வரும் எஸ் பெரிய எழுத்து. சிறிய எழுத்தில் அடித்தால் அது வேறொரு மெத்தட், யாரும் கூப்பிடமாட்டார்கள். மேலே @ஓவர்ரைடு போட்டு வையுங்கள், பெயர் தப்பினால் கம்பைலரே சொல்லிவிடும். டுஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தர வேண்டுமே தவிர உள்ளே நின்று அச்சிடக்கூடாது. ஸ்ட்ரிங்.ஃபார்மட்("%எஸ் %டி %.2எஃப்", பெயர், எண்ணிக்கை, விலை) என்று ஒரு ரிட்டர்ன் போதும்.

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எர்ரர் வந்தால் இரண்டு கிளாஸ்கள் ஒன்றையொன்று கூப்பிடுகின்றன. பில்லின் டுஸ்ட்ரிங் பொருளை அச்சிடுகிறது, பொருளின் டுஸ்ட்ரிங் தான் சேர்ந்திருக்கும் பில்லை அச்சிடுகிறது, முடிவே இல்லை. ஒரு பக்கத்தில் முழு ஆப்ஜெக்டுக்குப் பதில் பில் எண்ணை மட்டும் கொடுங்கள்.

அரேக்கும் இதே அறிகுறி வரும், முன்னால் ஒரு சதுர அடைப்போடு. அரேக்கு டுஸ்ட்ரிங் எழுத முடியாது, அரேஸ்.டுஸ்ட்ரிங் பயன்படுத்துங்கள், அரேக்குள் அரே என்றால் அரேஸ்.டீப்டுஸ்ட்ரிங்.

அறிகுறி: எண் வருகிறது, ஆனால் தப்பான எண்

சராசரி 3.50 வர வேண்டிய இடத்தில் 3.00 வந்தால், 7 / 2 என்று இரண்டு இன்டுகளை வகுத்திருக்கிறீர்கள். விடையை டபுள் மாறியில் வைத்தாலும் பயனில்லை, வகுக்கும்போதே தசமம் போய்விட்டது. "மொத்தம்: " + 10 + 20 என்பது 1020 ஆகிவிட்டால் கூட்டலைத் தனி அடைப்புக்குள் போடுங்கள். இவை இரண்டும் எல்லோருக்கும் வருபவை, பார்த்தவுடன் பிடிபடும்.

காசு விஷயம் அப்படியில்லை. 0.1 + 0.2 என்பதை டபுளில் கூட்டி [%எஸ்] வைத்துப் பார்த்தால் 0.30000000000000004 என்று வரும். %.2எஃப் போட்டால் 0.30 என்று அழகாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் மதிப்பு மாறவில்லை. ஆயிரம் வரி கூட்டிய பிறகு பில்லின் வரிகளும் மொத்தமும் ஒத்துப்போகாமல் போகலாம். ஃபார்மட் என்பது காட்டும் வேலை மட்டுமே, திருத்தும் வேலை இல்லை. பணத்துக்குப் பிக்டெசிமல் (தசமத்தைத் துல்லியமாக வைக்கும் கிளாஸ்) வையுங்கள், அதையும் ஸ்ட்ரிங்கிலிருந்து உருவாக்குங்கள், டபுளிலிருந்து உருவாக்கினால் டபுளின் குறையும் கூடவே வந்துவிடும். %.2எஃப் பிக்டெசிமலையும் ஏற்கும்.

ஒரே எண் ஒரு திரையில் 0.13, இன்னொரு திரையில் 0.12 என்று வந்தால் குழம்பாதீர்கள். 0.125-ஐ %.2எஃப் வைத்து அச்சிட்டால் 0.13 வரும், ஏனென்றால் பிரிண்ட்எஃப் சரிபாதியை மேலே தள்ளும். டெசிமல்ஃபார்மட் கிளாஸ், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், சரிபாதியை இரட்டை இலக்கப் பக்கம் தள்ளும், 0.12 வரும். இரண்டையும் ஒரே புரோகிராமில் கலக்காதீர்கள், அல்லது டெசிமல்ஃபார்மட்டில் ரவுண்டிங் முறையை ஹாஃப்அப் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

அடுத்தது லட்சம். %,டி போட்டு 1234567-ஐ அச்சிட்டால் 1,234,567 வரும், நமக்கு வேண்டியது 12,34,567. லொகேலை (நாடு, மொழி அமைப்பை) இந்தியா என்று மாற்றியும் பயனிருக்காது, ஜாவாவோடு வரும் டெசிமல்ஃபார்மட்டுக்கு ஒரே அளவில்தான் பிரிக்கத் தெரியும். வடிவத்தில் இரண்டு கமா போட்டுக் கொடுத்தாலும் கடைசிக் கமாவை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஐசியூ4ஜே நூலகத்தைச் சேர்த்தால் அதிலுள்ள டெசிமல்ஃபார்மட் லட்சம், கோடி கணக்கில் பிரித்துத் தரும். நூலகம் வேண்டாம் என்றால் கையால் எழுதலாம்: எண்ணை 1000-ஆல் வகுத்த மீதி கடைசித் துண்டு, பிறகு மிச்சத்தை 100-ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். இதில் எல்லோரும் தடுக்குவது பூஜ்ஜியத்தில். கடைசித் துண்டை %03டி என்றும் நடுத் துண்டுகளை %02டி என்றும் அச்சிடாவிட்டால் ஒரு லட்சம் 1,0,0 என்று வந்து நிற்கும். இடது ஓரத் துண்டுக்கு மட்டும் வெறும் %டி.

3.14 என்பது 3,14 என்று வந்தால் அந்தக் கணினியின் லொகேல் ஜெர்மனி போன்ற நாட்டுக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மனிதர் படிக்கும் திரையில் அது சரிதான். ஆனால் இன்னொரு புரோகிராம் படிக்கப்போகும் கோப்பில் எழுதும்போது பிரிண்ட்எஃப்-இன் முதல் அளவுருவாக லொகேல்.ரூட் கொடுங்கள்.

அறிகுறி: கட்டங்கள் கோணலாக நிற்கின்றன

ஆங்கிலப் பெயர்களுக்கு %-15எஸ் %5டி %10.2எஃப் போதும். கழித்தல் குறி இடது பக்கம் ஒட்ட வைக்கும், எண்களை வலது பக்கமே விடுங்கள். பெயர் பதினைந்தைத் தாண்டினால் வெட்டப்படாது, வரியைத் தள்ளிவிடும், ஏனென்றால் அந்த எண் குறைந்தபட்ச அகலம் மட்டுமே. வெட்ட வேண்டும் என்றால் %-15.15எஸ்.

தமிழ்ப் பெயர் வந்ததும் இது எல்லாம் உடையும். ஜாவா எண்ணுவது யூனிகோடு அலகுகளை, கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை அல்ல. 'அரிசி' நமக்கு மூன்று எழுத்து, ஜாவாவுக்கு ஐந்து. 'துவரம் பருப்பு' நமக்கு வெற்றிடத்தோடு ஒன்பது, ஜாவாவுக்குப் பதினான்கு. %-15எஸ் அரிசிக்குப் பத்து வெற்றிடமும் பருப்புக்கு ஒன்றும் சேர்க்கும், எழுத்துக்கு ஒரு கட்டம் என்று வைத்தாலும் விலை மூன்று கட்டம் தள்ளி நிற்கும். வெட்டினால் இன்னும் மோசம்: %.5எஸ் கொடுத்தால் 'துவரம' என்று புள்ளி இல்லாமல் அச்சாகும்.

பிரேக்இட்டரேட்டர் கிளாஸ் வைத்து எழுத்துகளை எண்ணி, வெற்றிடத்தை நீங்களே நிரப்பலாம். அப்போதும் முழுதாகச் சரியாகாது, 'ணை'யும் 'ர'வும் திரையில் ஒரே அகலம் இல்லை, டெர்மினலுக்கு டெர்மினல் வேறுபடும். நான் பரிந்துரைப்பது வேறு: எண்களை முன்னால் வைத்து, தமிழ்ப் பெயரைக் கடைசிக் கட்டமாக வையுங்கள். அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால் கோணல் என்ற பேச்சே எழாது. வாடிக்கையாளர் கையில் போகும் பில் என்றால் ஹெச்டிஎம்எல் அட்டவணையாக எழுதிவிடுங்கள்.

அறிகுறி: எதுவுமே அச்சாகவில்லை

ஸ்ட்ரிங்.ஃபார்மட் எதையும் அச்சிடாது, ஸ்ட்ரிங்கை உருவாக்கித் தரும், அவ்வளவே. அதை மாறியில் வாங்கி அச்சிட வேண்டும். பிரிண்ட்ரைட்டர் பயன்படுத்தியிருந்தால் கடைசியில், தேங்கியிருப்பதை வெளியே தள்ளும் ஃப்ளஷ்() கூப்பிட்டீர்களா என்று பாருங்கள்.

அறிகுறி: தமிழ் கேள்விக்குறியாக வருகிறது

மூன்று விதமாக வரும், மூன்றும் வேறு வேறு. வெற்றுச் சதுரங்களாக வந்தால் எழுத்து சரி, அந்தத் திரையில் தமிழ் எழுத்துரு இல்லை. கேள்விக்குறிகளாக வந்தால் வழியில் எங்கோ தமிழ் தெரியாத என்கோடிங்குக்கு (எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் முறைக்கு) மாற்றப்பட்டு எழுத்து தொலைந்துவிட்டது. தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தால் யூடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ வேறு என்கோடிங்காகப் படிக்கிறார்கள்.

யார் என்று கண்டுபிடிக்க, நிரலில் எழுதிய "அரிசி"யின் லெங்த்() மதிப்பை அச்சிடுங்கள், எண்ணை எந்தக் கன்சோலும் கெடுக்காது. 5 வந்தால் நிரல் கோப்பு சரி, வெளியே போகும் வழியில் கோளாறு. 15 வந்தால் கம்பைலரே கோப்பைத் தப்பாகப் படித்திருக்கிறது, தமிழ் யூனிகோடு அலகு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட் பிடிப்பதால்தான் மூன்று மடங்கு. அதற்கு ஜாவாசி கட்டளையில் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள், ஜேடிகே (ஜாவா உருவாக்கத் தொகுப்பு) 18 முதல் அதுவே இயல்பாகிவிட்டது.

வெளியே போகும் வழியில்தான் கோளாறு என்றால், ஜேடிகே 18-க்கு மாறினால் மட்டும் போதாது, கன்சோல் தன் பழைய என்கோடிங்கையே பிடித்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் கன்சோலில் சிஹெச்சிபி 65001 என்ற கட்டளையைக் கொடுங்கள், ஜேடிகே 19 அல்லது அதற்கு மேல் என்றால் எஸ்டிடிஅவுட்.என்கோடிங் என்ற பிராப்பர்ட்டியை யூடிஎஃப்-8 என்று வைத்து ஓட்டுங்கள். பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டிருந்தால் மெயின் மெத்தடின் முதல் வரியிலேயே சிஸ்டம்.அவுட்டை யூடிஎஃப்-8 என்று சொல்லி ஒரு புதிய பிரிண்ட்ஸ்ட்ரீமுக்குள் சுற்றி, சிஸ்டம்.செட்அவுட் வைத்து மாற்றிவிடுங்கள். பிரிண்ட்எஃப் வரி எதையும் தொட வேண்டியதில்லை.